தாளக் கணக்கில் பிறக்கும் அமெரிக்க இசை: யார் இந்த விஜய் ஐயர்?

கோவிந்தாபுரம் (பாலக்காடு): பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் சாலை கேரளத்துக்குள் நுழையும் இடம் கோவிந்தாபுரம். இந்தச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் விரியும் பாலக்காட்டுப் பகுதி, தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் நிலம். செம்பை வைத்தியநாத பாகவதர், பாலக்காடு மணி ஐயர், எம்.டி. ராமநாதன், கே.வி. நாராயணசாமி என்று கர்நாடக இசையின் பெரும் பெயர்கள் பலவற்றை இந்த வட்டாரத்தோடு சேர்த்தே ரசிகர்கள் நினைவுகூர்கின்றனர்.

இந்த மண்ணின் மிருதங்க மரபு இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் வரை சென்று சேர்ந்துள்ளது. அங்கு அந்த மரபு சந்தித்த இசைக்கலைஞர், தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான விஜய் ஐயர். ஜாஸ் ரசிகர்கள் நன்கறிந்த இவர், மேற்கத்திய செவ்வியல் இசைக்குழுக்களுக்காக எழுதிவரும் படைப்புகள் தமிழ் வாசகர்களிடையே அதிகம் பேசப்படவில்லை. அவருடைய வாழ்வையும் படைப்புகளையும் விளக்குகிறது இத்தொகுப்பு.

இயற்பியலிலிருந்து இசைக்கு

நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் 1971ஆம் ஆண்டு விஜய் ஐயர் பிறந்தார். அமெரிக்கா தனது குடியேற்றச் சட்டத்தை 1965இல் தளர்த்தியதையொட்டி, இந்தியாவிலிருந்து பொறியாளர்களும் மருத்துவர்களும் ஆய்வாளர்களும் பெருமளவில் அங்கு குடியேறினர். அந்தத் தலைமுறையின் பிள்ளைகளில் ஒருவர் இவர்.

3 வயதில் வயலின் கற்கத் தொடங்கி, சுமார் 15 ஆண்டுகள் முறையாகப் பயின்றார். பியானோவை யாரிடமும் முறைப்படி கற்கவில்லை. கேட்டும் தடவிப் பார்த்தும் தாமே பழகிக்கொண்டார். பின்னாளில் அவருக்குப் புகழ் தேடித்தந்ததோ பயின்ற வயலின் அல்ல, பழகிய பியானோ.

யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்த அவர், இயற்பியலில் முனைவர் பட்டம் பெறும் நோக்கத்துடன் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்குச் சென்றார். அங்கு ஆய்வுக்கூடத்தைவிட ஆப்பிரிக்க அமெரிக்க இசைக்கலைஞர்களின் அரங்குகள் அவரை ஈர்த்தன. சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் கோல்மன், டிராம்போன் கலைஞரும் இசையமைப்பாளருமான ஜார்ஜ் லூயிஸ் ஆகியோருடன் ஏற்பட்ட தொடர்பு அவரது பாதையை மாற்றியது.

இயற்பியலைக் கைவிட்டாலும் ஆய்வை அவர் கைவிடவில்லை. மேற்கு ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க அமெரிக்க இசையில் தாளத்தை மனிதர்கள் எவ்வாறு உணர்கின்றனர் என்பதை ஆராய்ந்து 1998இல் முனைவர் பட்டம் பெற்றார். தாளம் மூளையில் மட்டும் எண்ணப்படுவதில்லை. நடை, மூச்சு, கை அசைவு என உடல் முழுவதும் அதில் பங்குகொள்கிறது என்பதே அந்த ஆய்வின் மையக் கருத்து. தொடையில் தாளம் போட்டபடி கச்சேரி கேட்டுப் பழகிய தமிழ் ரசிகருக்கு இது புதிய செய்தியாக இராது.

கணக்கில் என்ன இருக்கிறது?

விஜய் ஐயரின் இசையைப் புரிந்துகொள்ள, முதலில் நமக்குப் பழக்கமான கணக்கு ஒன்றைப் பார்க்கலாம்.

ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனத்துக்கு 8 அட்சரங்கள். ஒவ்வொன்றையும் நான்காகப் பகுத்தால் 32 மாத்திரைகள். 7 மாத்திரை கொண்ட ஒரு சொற்கட்டை மூன்று முறை வாசித்தால் 21 மாத்திரைகள் ஆகும். மிருதங்க வித்வான் அதை 12ஆம் மாத்திரையில் தொடங்கினால், ஆவர்த்தனம் முடியும்போது அதுவும் முடிந்து, அடுத்த அடி சமத்தில் சரியாக விழும். நடுவில் தாளம் தவறுவதுபோல் தோன்றும். கடைசியில் எல்லாம் கூடிவரும். கோர்வையின் இன்பம் இதுதான்.

எண்களை இப்படி நகர்த்தி, கேட்பவரின் உடலில் தடுமாற்றத்தையும் பின்னர் நிம்மதியையும் உண்டாக்கும் இந்தக் கலையைத்தான் விஜய் ஐயர் பியானோவிலும் தம் மூவர் குழுவிலும் கையாள்கிறார். 2009இல் வெளியான 'ஹிஸ்டாரிசிட்டி' தொகுப்பில் இடம்பெற்ற 'மிஸ்டிக் ப்ரூ' இதற்கு எடுத்துக்காட்டு. அதன் தாளப் பிரிவுகளை ஃபிபொனாச்சி எண்வரிசையைக் கொண்டு அமைத்ததாக 'தி கார்டியன்' நாளிதழில் அவரே விளக்கி எழுதினார்.

3, 5, 8, 13 என்று, முந்தைய இரண்டு எண்களின் கூட்டுத்தொகையாக அடுத்த எண் அமையும் வரிசை அது. இத்தாலியரான ஃபிபொனாச்சி 1202இல் எழுதிய நூலால் மேலை நாடுகளில் புகழ்பெற்றது. ஆனால் அதற்கு முன்பே 12ஆம் நூற்றாண்டில் குஜராத்தில் வாழ்ந்த ஹேமசந்திரர் போன்ற இந்திய யாப்பறிஞர்கள் இதே வரிசையைச் செய்யுள் அளவையில் கண்டிருந்தனர்.

குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2 மாத்திரை என்று வைத்துக்கொள்வோம். 3 மாத்திரை நீளமுள்ள ஓசையை 3 வகையாக அமைக்கலாம். 4 மாத்திரை என்றால் 5 வகை. 5 மாத்திரை என்றால் 8 வகை. 6 மாத்திரை என்றால் 13 வகை. தாளில் எழுதிப் பார்க்கும் எவரும் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். இயற்கணிதப் பாடத்தில் நாம் சந்திக்கும் எண்வரிசை, இந்த மண்ணில் ஓசைக் கணக்காகவே பிறந்தது.

செவ்வியல் மேடையில்

2005இல் நால்வர் தந்தி இசைக்குழுவுக்காக 'மியூட்டேஷன்ஸ்' என்ற நீண்ட படைப்பை அவர் எழுதினார். பத்துப் பகுதிகள் கொண்ட இதில் இரண்டு வயலின்கள், வியோலா, செல்லோ ஆகியவற்றுடன் பியானோவும் மின்னணு ஒலிகளும் சேர்கின்றன. உயிரணுவில் நிகழும் சிறு மாற்றம் உயிரினத்தையே மாற்றுவதுபோல, சிறிய இசைத்துணுக்குகள் மெல்ல மெல்ல உருமாறுவதே இதன் அமைப்பு. ஜெர்மனியின் 'இ.சி.எம்.' நிறுவனம் 2014இல் இதை வெளியிட்டது.

ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' 1913இல் பாரிஸில் அரங்கேறியபோது அரங்கமே அமளியில் ஆழ்ந்தது. அதன் நூற்றாண்டையொட்டி வட கரோலினா பல்கலைக்கழகத்தின் கலை அமைப்பு கேட்டுக்கொண்டதற்கிணங்க விஜய் ஐயர் உருவாக்கிய படைப்பு 'ராதே ராதே'. மதுரா வட்டாரத்து ஹோலிக் கொண்டாட்டத்தை இயக்குநர் பிரசாந்த் பார்கவா படமாக்க, அதற்கு நேரடியாக வாசிக்கும் இசையாக இதை எழுதினார்.

சில்க் ரோடு குழு, புரூக்ளின் ரைடர், பிரெண்டானோ நால்வர் குழு, ஆர்ஃபியஸ் சேம்பர் இசைக்குழு ஆகியவற்றுக்கும் அவர் எழுதியுள்ளார். 2013இல் மெக்ஆர்தர் நல்கை அவருக்குக் கிடைத்தது. 2014 முதல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றி வருகிறார்.

பீத்தோவன் மறந்த பெயர்

விஜய் ஐயரின் செவ்வியல் படைப்புகளில் ஓர் இழை தொடர்ந்து ஓடுகிறது. வரலாற்றின் ஏட்டிலிருந்து யாருடைய பெயர் நீக்கப்படுகிறது என்ற கேள்வியே அது.

பீத்தோவனின் புகழ்பெற்ற வயலின் சொனாட்டா இன்று 'க்ராய்ட்சர்' என்று அழைக்கப்படுகிறது. ஆனால் 1803இல் வியன்னாவில் பீத்தோவனுடன் அமர்ந்து அதை முதன்முதலில் வாசித்தவர் ஜார்ஜ் பிரிட்ஜ்டவர் என்ற ஆப்பிரிக்க வம்சாவளி வயலின் கலைஞர். அவருக்கே அது காணிக்கையாக்கப்பட்டிருந்தது. பின்னர் இருவருக்கும் இடையே மனக்கசப்பு ஏற்படவே, பீத்தோவன் அந்தப் பெயரை நீக்கி, ருடால்ஃப் க்ராய்ட்சர் என்ற பிரெஞ்சுக் கலைஞரின் பெயரைச் சேர்த்தார். க்ராய்ட்சர் அதை மேடையில் ஒருமுறைகூட வாசிக்கவில்லை என்பதே வரலாறு. சொனாட்டாவில் அவர் பெயர் நிலைத்தது; வாசித்தவர் பெயர் மறைந்தது.

வயலின் கலைஞர் ஜெனிஃபர் கோ கேட்டுக்கொண்டதன்பேரில், இந்தச் சொனாட்டாவுக்கு இணையாக வாசிப்பதற்கென்றே 'பிரிட்ஜ்டவர் ஃபேன்டசி' என்ற படைப்பை விஜய் ஐயர் எழுதினார். நீக்கப்பட்ட பெயர், கச்சேரி நிரலில் பீத்தோவனின் பெயருக்கு அருகிலேயே மீண்டும் அச்சேறியது.

ஒரு கொலையும் ஒரு கான்செர்டோவும்

2017இல் கலிபோர்னியாவின் ஓஹாய் இசை விழாவுக்கு விஜய் ஐயர் இசை இயக்குநராகப் பொறுப்பேற்றார். அவ்விழாவில் ஜெனிஃபர் கோ வாசித்த வயலின் கான்செர்டோவின் பெயர் 'ட்ரபிள்'. அதன் ஒரு பகுதி வின்சென்ட் சின் என்ற இளைஞருக்குக் காணிக்கையாக்கப்பட்டுள்ளது.

1982இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில், கார் தொழிலோடு தொடர்புடைய இரு வெள்ளையர்கள் வின்சென்ட் சின்னை அடித்துக் கொன்றனர். ஜப்பானியக் கார்களின் வரவால் அமெரிக்கத் தொழிலாளர்கள் வேலையிழந்த காலம் அது. ஆனால் கொல்லப்பட்டவர் ஜப்பானியர் அல்லர். சீன வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்கர். குற்றவாளிகளுக்கு 3,000 டாலர் அபராதமும் நன்னடத்தைக் கண்காணிப்பும் மட்டுமே விதிக்கப்பட்டன. இருவரில் ஒருவரும் சிறை செல்லவில்லை. ஆசிய அமெரிக்கர்கள் ஒன்றுதிரண்டு உரிமை கோருவதற்கு இந்த வழக்கு காரணமாயிற்று.

கான்செர்டோ என்பது வழக்கமாகத் தனிக்கலைஞர் ஒருவர் வீரரைப்போல் முன்நிற்க, இசைக்குழு பின்தொடரும் வடிவம். சமூகத்தின் முன் தனித்து நிற்க நேர்ந்தவரின் நிலையை எண்ணிப் பார்க்கவும் அதே வடிவம் இடம் தருகிறது. குடியேறியவர்களின் பிள்ளையான ஒருவர் எழுத, கொரிய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர் வாசிக்க, அமெரிக்க இசைக்குழு உடன் ஒலிக்கும்போது, இந்த நாடு யாருடையது என்ற கேள்வி சொற்களின்றியே எழுகிறது. இந்தக் கான்செர்டோவுடன் 'அஸண்டர்', 'கிரைசிஸ் மோட்ஸ்' ஆகிய படைப்புகளையும் பாஸ்டன் மாடர்ன் ஆர்கெஸ்ட்ரா ப்ராஜெக்ட் இசைக்குழு பதிவு செய்துள்ளது.

பாலக்காட்டிலிருந்து ஹார்வர்டுக்கு

ஹார்வர்டில் படைப்பும் ஆய்வும் இணைந்த முனைவர் பட்டப் பிரிவு ஒன்று உருவாவதற்கு விஜய் ஐயர் முக்கியக் காரணமாக இருந்தார். இசையை ஆராய்பவர் ஒருவர், உருவாக்குபவர் வேறொருவர் என்ற பிரிவினையை அது ஏற்பதில்லை. அங்கு பட்டம் பெற்றவர்களில் ஒருவர் மிருதங்கக் கலைஞரும் இசையமைப்பாளருமான ராஜ்னா சுவாமிநாதன்.

இவர் உமையாள்புரம் சிவராமனின் மாணவி. உமையாள்புரம் சிவராமன், பாலக்காடு மணி ஐயரிடம் பயின்றவர். மணி ஐயரோ, மிருதங்கம் பக்கவாத்தியம் மட்டுமே என்ற எண்ணத்தை மாற்றி, 1966இல் மிருதங்கக் கலைஞர்களிலேயே முதலாவதாக சங்கீத கலாநிதி விருது பெற்றவர். பக்கத்தில் அமர்ந்த வாத்தியத்தை மையத்துக்குக் கொண்டுவந்த அந்த மரபின் மூன்றாம் தலைமுறை, இன்று மிருதங்கத்தை மையமாக வைத்துப் புதிய குழு இசையை எழுதுகிறது.

இந்தப் போக்குவரத்து புதிதன்று. அமெரிக்க இசையமைப்பாளர் ஹென்றி கவெல் 1930களின் தொடக்கத்தில் பெர்லினில் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தியிடம் தென்னிந்திய இசை குறித்துப் பயின்றார். அவர் எழுதிய 13ஆவது சிம்பொனிக்கு 'மெட்ராஸ்' என்றே பெயர். 1959இல் சென்னையிலேயே அது அரங்கேறியது. 1960களில் கே.வி. நாராயணசாமி அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கர்நாடக இசை கற்பித்தார். அன்று அமெரிக்கர்கள் கேட்டுக் கற்றனர். தமிழர்கள் விருந்தினராகச் சென்று கற்பித்தனர். இன்று அமெரிக்க இசையை எழுதுவோரிலேயே தமிழ் வம்சாவளியினர் இருக்கின்றனர் என்பதுதான் மாற்றம்.

இசையமைப்பாளர் என்பவர் யார்?

விஜய் ஐயரை ஜாஸ் கலைஞர் என்பதா, செவ்வியல் இசையமைப்பாளர் என்பதா என்ற விவாதம் தொடர்கிறது. ஜாஸ் என்ற பெயரையே அவர் பல பேட்டிகளில் கேள்விக்குள்ளாக்கியுள்ளார். மேற்கத்திய செவ்வியல் உலகில், தாளில் எழுதுபவர் இசையமைப்பாளர், அதை வாசிப்பவர் கலைஞர் என்ற பிரிவு கடந்த இரு நூற்றாண்டுகளில் இறுகிவிட்டது. மேடையில் அந்தக் கணத்தில் உருவாக்குபவருக்கு அங்கு இரண்டாம் இடமே கிடைத்தது. கறுப்பினக் கலைஞர்களின் இசை நெடுங்காலம் பல்கலைக்கழகங்களுக்கு வெளியே நிறுத்தப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

கர்நாடக இசை ரசிகருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. கீர்த்தனை தியாகராஜருடையது, ஆனால் ஆலாபனையும் நிரவலும் கற்பனை ஸ்வரமும் அன்று பாடுபவருடையவை. எழுதியதும் எழுதாததும் ஒரே கச்சேரியில் அடுத்தடுத்து நிற்கின்றன. எதற்கும் குறைந்த மதிப்பில்லை. ஆகவே, விஜய் ஐயரின் படைப்புகளில் எழுதப்பட்ட பகுதியும் கலைஞரின் கற்பனைக்கு விடப்பட்ட பகுதியும் கலந்து வருவது நமக்கு வியப்பளிக்க வேண்டியதில்லை.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

கர்நாடக இசை பழகிய காதுக்கு, கிட்டார் கலைஞர் பிரசன்னா, தபலா கலைஞர் நிதின் மிட்டா ஆகியோருடன் விஜய் ஐயர் 2011இல் வெளியிட்ட 'தீர்த்தா' நல்ல தொடக்கம். அடுத்ததாக 'மியூட்டேஷன்ஸ்', பின்னர் 'ட்ரபிள்' என்று செல்லலாம். குரலிசை விரும்புவோர், பாகிஸ்தானிய வம்சாவளிப் பாடகி அரூஜ் அஃப்தாப், ஷாஹ்சாத் இஸ்மாயிலி ஆகியோருடன் இணைந்து 2023இல் வெளியிட்ட 'லவ் இன் எக்ஸைல்' தொகுப்பைக் கேட்கலாம்.

இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் அரங்கேறியபோது, மேற்கத்திய செவ்வியல் இசை குறித்த ஆர்வம் தமிழ் இல்லங்களில் பெருகியது. பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்டு லண்டன் மேடையை அடைந்த அந்தப் பயணத்தின் பெருமையைத் தமிழர்கள் நன்கறிவர். ஆல்பனியில் பிறந்து, அந்த மேடையின் உள்ளிருந்தபடியே அதன் விதிகளைக் கேள்வி கேட்பவரின் பயணம் வேறு வகையானது. முதலாவது, நம்மாலும் முடியும் என்று காட்டியது. இரண்டாவது, இதுவரை யாரெல்லாம் விடுபட்டனர் என்று கேட்கிறது. தமிழ் ரசிகர்கள் இரண்டையும் கேட்க வேண்டிய காலம் இது.