பாடகர் பேர் போட்ட பாக்கெட்... ஆச்சி போட்ட மார்க்!

லண்டன் வந்து இறங்கிய மூன்றாம் நாள், அம்மா எங்கள் வீட்டு ஃப்ரீசரைத் திறந்தாள். உள்ளே இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அடுப்படி மேடையில் அடுக்கினாள். பச்சைப் பட்டாணி, பரோட்டா, உருளைக்கிழங்கு சிப்ஸ், சாசேஜ், பை. அடுக்கி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏட்டி, பிள்ளைக்கு இதத்தான் போடுதியா?"

சுருக்கென்று இருந்தது. எனக்கு வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் நைட் ஷிஃப்ட். கணவருக்கு ரயில்வேயில் ஷிஃப்ட். எங்கள் 13 வயது மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்து, தானே எதையாவது ஓவனில் சூடு பண்ணிச் சாப்பிட்டுவிட்டு ஹோம்வொர்க் செய்கிற நாள்கள்தான் அதிகம். அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாதா என்ன? தெரிந்துதான் கேட்டாள். அதனால்தான் இன்னும் வலித்தது.

மகன்தான் காப்பாற்றினான். சாசேஜ் பாக்கெட்டைக் கையில் எடுத்து, "ஆச்சி, இது சும்மா சாசேஜ் இல்ல. பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி இருக்காருல்ல... அவரோட வைஃப் ஆரம்பிச்சது. ப்யூர் வெஜ்" என்றான்.

"பாட்டுக்காரர் வீட்டுச் சமையலா? அப்போ ருசி பாத்துட்டுப் பேசுதேன்."

அப்படித் தொடங்கியது எங்கள் வீட்டு விளையாட்டு. பாட்டுக்காரர்கள் பெயரில், அல்லது அவர்கள் விளம்பரத்தில் விற்கிற தின்பண்டங்களாகத் தேடித் தேடி வாங்குவது. ஆச்சி பத்துக்கு மார்க் போடுவது. பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் நாலாம் வகுப்பு டீச்சராக இருந்தவள். மார்க் விஷயத்தில் இரக்கமே கிடையாது.

பாட்டுக்காரர்கள் சாப்பாடு விற்பது நமக்கும் புதிதில்லையே. ஜாகிர் ஹுசைன் தபலா வாசித்துவிட்டு தாஜ்மஹால் டீயைக் குடித்து "வாஹ் தாஜ்" சொன்ன டி.வி விளம்பரத்தை மறக்க முடியுமா? அதைச் சொன்னதும் அம்மா கேட்டாள்: "தபலா அவர் வாசிச்சாரு, சரி. டீயை யாரு போட்டது?" அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு பாக்கெட்டிடமும் அவள் கேட்டது இதே கேள்வியைத்தான்.

முதலில் உருளைக்கிழங்கு சிப்ஸ். இங்கே அதற்கு 'கிரிஸ்ப்ஸ்' என்று பெயர். 'சிப்ஸ்' என்றால் தடியாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு. பிரிட்டனில் கிரிஸ்ப்ஸ் என்றால் லெஸ்டர் ஊரில் தயாராகும் வாக்கர்ஸ்தான். நம்மூர் லேஸ் மாதிரி இதுவும் பெப்சிகோ கம்பெனியுடையது. 1997-ல் ஸ்பைஸ் கேர்ள்ஸ் இதற்கு விளம்பரம் செய்தார்கள். 2019 கிறிஸ்துமஸுக்கு மரியா கேரியே வந்து, ஒரு பாக்கெட்டுக்காகச் சண்டை போடுவது மாதிரி நடித்தார். மகன் வாங்கி வந்தது 'பிரான் காக்டெய்ல்' சுவை. இறால் என்று சொன்னதும் அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பாக்கெட்டின் பின்பக்கத்தை இரண்டு முறை படித்துக் காட்டினோம். பெயரில் மட்டும்தான் இறால், உள்ளே கிடையாது. ஒரே ஒரு துண்டு கடித்துவிட்டு, "புளிச்ச உருளக்கிழங்கு. அந்தம்மா இதுக்காச் சண்ட போட்டா?" மூணு மார்க்.

பெயரில் இருக்கிறது, உள்ளே இல்லை. இதற்கு நேர்மாறானது சூப்பர் மார்க்கெட்டில் நடந்தது. ஃப்ரோசன் பகுதியில் ஒரு பெட்டியை எடுத்துக் கூடையில் போட்டாள் அம்மா. பார்த்தால் மசாலா தடவிய கோழி! "பச்சை வட்டம் போட்டிருக்கே, சைவம்தானே?" என்கிறாள். அவள் மேல் தப்பில்லை. நம்மூர் பாக்கெட்டில் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம். இங்கே பல பாக்கெட்டுகளின் முன்பக்கத்தில் இருக்கும் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை கொழுப்பு, சர்க்கரை, உப்பு எவ்வளவு என்று சொல்வதற்கான சிக்னல் விளக்கு. கோழியில் சர்க்கரை குறைவு என்பதற்கு அந்தப் பச்சை! வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெரியவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அந்த விளக்கு எங்களுக்கு வேறு விதத்தில் உதவியது. அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை ஓடுகிறது. 100 கிராமில் உப்பு 0.3 கிராமோ அதற்குக் கீழோ இருந்தால் பச்சை, 1.5 கிராமைத் தாண்டினால் சிவப்பு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 6 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்பது இந்த ஊர்க் கணக்கு. 'சிவப்பு விழுந்தால் ஒரு வாய் மட்டும்' என்று ஆச்சிக்கும் பேரனுக்கும் ஒப்பந்தம் போட்டேன். பேரன் காவல்காரன் வேலையை ரொம்பவே ரசித்துப் பார்த்தான்.

அடுத்தது வெண்ணெய். செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் இசைக்குழுவின் பாடகர் ஜான் லைடன், 1977-ல் ராணியைக் கிண்டலடித்துப் பாடி, பிபிசி அந்தப் பாட்டையே ஒலிபரப்பாமல் தடுத்த ஆள். அதே மனிதர் 2008-ல் கனவான் மாதிரி கோட்டுப் போட்டுக்கொண்டு 'கன்ட்ரி லைஃப்' வெண்ணெய் விளம்பரத்தில் வந்தார். ஊரே சிரித்தது. ஆனால் விளம்பரம் வந்த காலாண்டில் விற்பனை 85 சதவிகிதம் ஏறியதாக கம்பெனி அறிவித்தது. அந்தப் பணத்தை வைத்துத்தான் தன்னுடைய இன்னொரு இசைக்குழுவை மறுபடி மேடையேற்றினார் லைடன். அம்மாவுக்கு இந்தக் கதை ஒன்றும் அதிர்ச்சியாக இல்லை. "வெண்ணெ வித்து கச்சேரி நடத்தியிருக்கான், நல்ல விஷயந்தானே" என்று சொல்லிவிட்டு, வெண்ணெயை உருக்கி நெய் காய்ச்சினாள். நான் அவசரத்தில் உப்பு சேர்த்த வெண்ணெயை வாங்கி வந்திருந்தேன். நெய் நன்றாகவே வந்தது. அடியில் தங்கிய கசடுதான் வாயில் வைக்க முடியாத உப்பு. சின்ன வயதில் அந்தக் கசடில் சோறு போட்டுப் பிசைந்து தருவாள். அது இல்லாமல் போன கோபத்தில் ஆறு மார்க். வெண்ணெய்க்கு எட்டாம், எனக்கு மைனஸ் ரெண்டாம்.

மூன்றாவது பாட்டில்தான் எங்களை ரொம்ப நேரம் பேச வைத்தது. 'ரெகே ரெகே சாஸ்'. லீவை ரூட்ஸ் என்ற ஜமைக்கா நாட்டு ரெகே பாடகர், லண்டன் நாட்டிங் ஹில் திருவிழாவில் கடை போட்டு விற்றுக்கொண்டிருந்த கார சாஸ். 2007-ல் பிபிசியின் 'டிராகன்ஸ் டென்' நிகழ்ச்சிக்கு கிடாரோடு போனார். முதலீடு கேட்டுப் போகிறவர்களை முதலாளிகள் வறுத்தெடுக்கும் நிகழ்ச்சி அது. சாஸைப் பற்றியே ஒரு பாட்டுப் பாடினார். 25 லட்சம் லிட்டருக்கு ஆர்டர் கையில் இருக்கிறது என்றார். காகிதத்தை வாங்கிப் பார்த்தால் 2,500 கிலோ! நாம் என்றால் அங்கேயே மயங்கி விழுந்திருப்போம். ஆனாலும் இரண்டு பேர் சேர்ந்து 50,000 பவுண்டு கொடுத்து 40 சதவிகிதப் பங்கு வாங்கினார்கள். சில வாரங்களில் பெரிய சூப்பர் மார்க்கெட் அலமாரியில் சாஸ் உட்கார்ந்துவிட்டது. பிறகு பீட்சா, சாண்ட்விச் வரைக்கும் அந்தப் பெயர் போனது.

ஜமைக்காவில் தன் பாட்டி சொல்லிக்கொடுத்த ரகசியப் பக்குவம் என்றுதான் அவர் சொல்லி வந்தார். 2011-ல் பழைய கூட்டாளி ஒருவர், 'செய்முறை என்னுடையது' என்று கோர்ட்டுக்குப் போனார். வழக்கில் ஜெயித்தது லீவை ரூட்ஸ்தான். ஆனால் விசாரணையில், பாட்டி செய்முறை என்பது விற்பனைக்காகச் சொன்ன கதை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

மகனுக்குக் கோபம். "ச்சீட்டிங் ஆச்சி இது!"

அம்மா சாஸைத் தோசையில் தொட்டு ஒரு வாய் சாப்பிட்டாள். ஸ்காட்ச் பானெட் மிளகாய் போட்டது என்று ஏகமாகப் பயமுறுத்தியிருந்தோம். "இனிப்பாத்தான் இருக்கு. காரம் பின்னால வருது" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "எங்க ஆச்சி வச்ச சொதின்னு சொல்லித்தான் நானும் எல்லாருக்கும் பரிமாறுதேன். அவ இஞ்சிச்சாறு ஊத்தவே மாட்டா. அது நானாச் சேத்தது."

நாற்பத்தைந்து வருஷமாகச் சாப்பிடுகிறேன், எனக்கே அன்றுதான் தெரியும்! ஏழு மார்க்.

சாசேஜ் பாக்கெட்டைப் பிரித்தது அதற்குப் பிறகுதான். லிண்டா மெக்கார்ட்னி அமெரிக்காவில் பிறந்த போட்டோகிராஃபர். 1969-ல் பால் மெக்கார்ட்னியைக் கல்யாணம் செய்தார். பீட்டில்ஸ் பிரிந்த பிறகு பால் தொடங்கிய 'விங்ஸ்' குழுவில் கீபோர்டு வாசித்தார். 'புருஷன் தயவில் மேடை ஏறியவர்' என்று பத்திரிகைகள் அவரைப் படாத பாடு படுத்தின. ஸ்காட்லாந்துப் பண்ணை வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே ஆட்டுக்குட்டிகள் துள்ளி விளையாடுவதைப் பார்த்தார்களாம். அதோடு கறியை விட்டுவிட்டதாக பால் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

கறியை விட்டால் தட்டில் எதை வைப்பது? அதுதான் லிண்டாவின் கவலை. அவர் 1989-ல் சைவச் சமையல் புத்தகம் வெளியிட்டார். 1991-ல் ஓர் உறைஉணவு நிறுவனத்தோடு சேர்ந்து சைவ சாசேஜ், பை என்று கடைகளுக்குக் கொண்டுவந்தார். 1998-ல் மார்பகப் புற்றுநோயில் இறந்தபோது அவருக்கு வயது 56. அந்தப் பிராண்ட் கை மாறி 2006-ல் ஓர் அமெரிக்க நிறுவனத்திடம் போனது. பாக்கெட்டில் பெயர் மட்டும் மாறவில்லை.

ஓவனிலிருந்து எடுத்த சாசேஜை அம்மா கத்தியால் வெட்டினாள். உள்ளே உற்றுப் பார்த்தாள். ஒரு துண்டு மென்றாள்.

"ஏட்டி... இது மீல்மேக்கர்லா!"

உண்மைதான். பாக்கெட்டில் முதலில் போட்டிருப்பதே சோயா புரதம்தான். நம் வீட்டுக் குருமாவில் கிடக்கிற அதே மீல்மேக்கர், பீட்டில்ஸ் வீட்டு வழியாகச் சுற்றி எங்கள் தட்டுக்கு வந்திருந்தது. தனியாகச் சாப்பிட்டால் வறட்டு வறட்டென்றுதான் இருந்தது. அஞ்சு மார்க். "அந்தப் புண்ணியவதி நல்ல மனசோடதான் செஞ்சிருக்கா. வெங்காயம் காணாது" என்றாள்.

மறுநாள் மிச்சமிருந்த சாசேஜ்களை வட்டமாக நறுக்கி, எண்ணெயில் சோம்பு தாளித்து, சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் வதக்கி, பொடித்த மிளகு தூவி ஒரு பிரட்டல் செய்தாள். சாசேஜிலேயே உப்பு இருப்பதால் தனியாக உப்புப் போடவில்லை. ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டு மகன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். அதற்கு என்ன மார்க் என்று கேட்டால், "நான் செஞ்சதுக்கு நானே போட முடியுமா?" என்று சிரித்தாள்.

விளையாட்டு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நவம்பரில் ஒரு ராத்திரி. எனக்கு டியூட்டி. கணவர் வரவேண்டிய ரயில் பாதி வழியில் நின்றுவிட்டது. அம்மாவுக்கு நல்ல காய்ச்சல். எழுந்து அடுப்படிக்குப் போக முடியவில்லை. நான் வார்டிலிருந்து போன் செய்தபோது மகன், "நான் பாத்துக்கறேம்மா" என்று வைத்துவிட்டான். காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு ஓடி வந்தேன். சிங்க்கில் இரண்டு தட்டு, இரண்டு டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. குப்பைக் கூடையில் லிண்டா பாக்கெட்.

அம்மா போர்வைக்குள்ளிருந்து சொன்னாள்: "பிள்ள எனக்குச் சுட்டு, துண்டு போட்டு, ரசத்தையும் சூடு பண்ணித் தந்தான் ஏட்டி. 'உப்பு ஆரஞ்சுதான் ஆச்சி, ரெண்டு சாப்பிடலாம்'னான்."

பிள்ளைக்கு இதையா போடுகிறாய் என்று அன்று கேட்டதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வெந்நீர் வைத்து மாத்திரை கொடுத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

அம்மா ஊருக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. ஃப்ரீசரில் அதே பட்டாணி, அதே பரோட்டா, அதே சாசேஜ். சனிக்கிழமைகளில் மகனே வெங்காயம் நறுக்கி மிளகுப் பிரட்டல் செய்கிறான். போட்டோ எடுத்து ஆச்சிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். அரை மணி நேரத்தில் வாய்ஸ் மெசேஜில் மார்க் வந்துவிடும்.

போன வாரம் ஆறு. வெங்காயம் இன்னும் கொஞ்சம் வதங்கணுமாம்.