வான்வெளி ஓவியமும் நம் கருத்துரையும்



1986 ஆம் ஆண்டில் ஹாலி வால்மீன் வந்து சென்றது உங்களுக்கு நூல்வழி அறிந்த செய்தி. எனக்கோ அது நெஞ்சில் தைத்த முள். அப்போது நான் ஒரு பள்ளியில் இளந் தமிழாசிரியனாகப் பணியாற்றி வந்தேன். பள்ளிக் கண்காட்சிக்கென ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் அவ்வால்மீனை வண்ணத்தில் தீட்டிக் கொணர்ந்தான். கதிரவனைச் சுற்றிக்கொண்டு அது விலகிச் செல்லும் பாதையைக் கோடிட்டு, செல்லும் திசையை அம்புக்குறியால் காட்டியிருந்தான். வாலோ தலைக்குப் பின்னே நீளவில்லை. அம்பு காட்டிய திசையில், தலைக்கு முன்னே நீண்டிருந்தது. “வால் முன்னால் போகுமா, தம்பி? திருத்திக்கொண்டு வா” என்று கூறி, சிவப்பு மையால் ஒரு வட்டமும் இட்டுக் கொடுத்தேன். அவன் மறுத்து ஒரு சொல்லும் பேசவில்லை. மறுநாள் வாலைப் பின்புறம் மாற்றி வரைந்து வந்தான். படம் சுவரில் ஏறியது.

இரண்டு நாள் கழித்து அறிவியல் ஆசிரியர் என்னைத் தனியே அழைத்தார். கதிரவனின் ஒளியும் அதிலிருந்து வீசும் துகள்களும் தள்ளுவதால், வால்மீனின் வால் கதிரவனுக்கு எதிர்ப்புறமாகவே நீளும் என்றும், ஆதலால் அது கதிரவனை விட்டு விலகுங்கால் வால் முன்னே செல்வதே இயற்கை என்றும் விளக்கினார். சரியாக இருந்த படத்தைப் பிழையாக்கி, அதனை ஊரார் காணச் சுவரிலும் ஏற்றிவிட்டேன்! மாணவனை அழைத்து என் தவற்றை ஒப்புக்கொண்டேன். அவன் புன்னகைத்தான். ஆயினும் அவ்வாண்டு முழுவதும் வேறு படம் எதனையும் அவன் என்னிடம் கொண்டு வரவில்லை.

இன்று உங்களில் பலர் தூரிகையும் வண்ணக் குழம்பும் இன்றிக் கணிப்பொறியிலேயே கோள்களையும் விண்மீன்களையும் தீட்டுகின்றீர்கள். தீட்டியதை நண்பர்க்குக் காட்டி, “எப்படி இருக்கிறது?” என்று கேட்கின்றீர்கள். கேட்கப்பட்டவர் என்ன சொல்வது? “மிக நன்று” என்பது இன்சொல். ஆனால் அதனைக் கொண்டு வரைந்தவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. “நன்றாக இல்லை” என்பதும் அவ்வாறே. அதில் இனிமையும் இல்லை என்பதே வேறுபாடு. கருத்துரை என்பது வரைந்தவர் கையில் அடுத்த வேலையைக் கொடுப்பதாக இருத்தல் வேண்டும்.

அதற்கு முதலில், வரைந்தவர் எதனை நாடினார் என்று கேட்டறிய வேண்டும். ஆலன் பீன் என்பவர் 1969 நவம்பரில் அப்பல்லோ 12 கலத்தில் சென்று நிலவில் நடந்த நான்காம் மனிதர். 1981 இல் விண்வெளிப் பணியைத் துறந்து முழுநேர ஓவியரானார். தாம் நடந்த நிலவின் மண்ணை அவர் சாம்பல் நிறத்தில் மட்டும் தீட்டவில்லை. ஊதா, பச்சை, செம்மஞ்சள் முதலிய வண்ணங்களையும் அதில் இழைத்தார். நிலவு சாம்பல் நிறத்தது என்பதை அவருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுமா? நேரில் கண்டவர் அவர். தம் உள்ளத்து உணர்வை வண்ணமாக்குவதே அவருடைய நோக்கம். நோக்கம் அறியாமல் பிழை காண்பது, கவிதையை எடுத்துக் கணக்குப் பார்ப்பது போன்றது.

ஓவியர் உண்மை இடத்தையே காட்ட விரும்பினாரெனின், அப்போது உண்மை பேசத்தான் வேண்டும். ஆனால் எப்படிப் பேசுவது? இங்கே ஒரு வரலாற்றைச் சொல்லுகின்றேன். அமெரிக்க ஓவியர் செஸ்லி போன்ஸ்டெல் கட்டடக் கலை பயின்றவர். திரைப்படங்களுக்குப் பின்னணிக் காட்சி தீட்டியவர். 1957 இல் பாஸ்டன் நகர அறிவியல் காட்சியகத்தில் நாற்பதடி நீளமுள்ள நிலவுக் காட்சி ஒன்று அவர் கைவண்ணமாக நிறுவப்பெற்றது. அதில் மலைகள் கத்தி முனைபோல் கூர்மையாக எழுந்து நின்றன. காற்றும் மழையும் இல்லாத இடத்தில் பாறை தேயாது என்பது அக்காலத்துப் பலருடைய எண்ணம். அப்பல்லோ வீரர்கள் சென்று பார்த்தபோது, மலைகள் மழுங்கி உருண்டிருக்கக் கண்டனர். பெரியவும் நுண்ணியவுமான விண்கற்கள் ஊழிக்காலமாக மோதி மோதி அவற்றைத் தேய்த்திருந்தன. 1970 இல் அவ்வோவியம் சுவரிலிருந்து இறக்கப்பட்டது. பின்னர் ஸ்மித்சோனியன் நிறுவனம் அதனை வரலாற்றுச் செல்வமாகக் கருதி ஏற்றுக்கொண்டது என்பது ஆறுதல்.

இதில் நாம் கருத வேண்டியது வேறொன்று. பிரான்சு நாட்டு லூசியன் ரூடோ 1947 இலேயே மறைந்தவர். அவர் ஓவியரும் வானாய்வாளரும் ஆவார். தொலைநோக்கியில் நிலவின் விளிம்பை உற்று நோக்கி, அங்கே தோன்றும் மலைகளின் வடிவு உருண்டிருப்பதைக் கண்டு அவ்வாறே வரைந்தார். ஆகவே, அந்த நாற்பதடி ஓவியத்தின் முன் நின்ற ஒருவர், “உம் மலை தவறு” என்று சொல்லியிருந்தால் அது வெறுந் தீர்ப்பு. “நிலவின் விளிம்பைத் தொலைநோக்கியில் பாருங்கள், அங்கே கூர்முனை தெரிகிறதா?” என்று கேட்டிருந்தால் அதுவே கருத்துரை. கேட்பவர் தாமே சென்று சோதித்தறியலாம். சொன்னவர் தவறியிருந்தால் அதனையும் கண்டுகொள்ளலாம். நான் அன்று அம்மாணவனிடம், “வால் முன்னே நீள்வது ஏன், தம்பி?” என்று கேட்டிருந்தால் போதும், அவன் எனக்குக் கற்பித்திருப்பான்.

கணிப்பொறி ஓவியத்தில் அடிக்கடி நேரும் பிழைகள் சிலவற்றிற்கு ஒரே கேள்வி மருந்தாகும். “இப்படத்தில் கதிரவன் எங்கே நிற்கிறது?” என்பதே அது. கோளின் ஒளிப்பக்கம் இடப்புறமும், அதன் துணைக்கோளின் ஒளிப்பக்கம் வலப்புறமும் இருந்தால், வரைந்தவர் இக்கேள்வியைக் கேட்டவுடன் தாமே நகைத்துத் திருத்திக்கொள்வார். பிறையின் இருண்ட பகுதிக்குள் விண்மீனைப் பதித்துவிடுவது மற்றொன்று. அங்கே இருப்பது வெற்றிடமன்று, கோளின் உடல். நிலவுத் தரையில் தொலைவிலுள்ள மலைகளுக்கு நீலப் புகைமூட்டம் இடுவதும் உண்டு. அது நம் ஊர்க் காற்றின் வேலை. காற்றில்லாத நிலவில் தொலைமலையும் அண்மைமலை போலவே தெளிந்து நிற்கும். அங்கே நடந்தவர்கள் தொலைவை மதிப்பிட இடர்ப்பட்டதற்கு அதுவே காரணம்.

கணிப்பொறியில் விண்மீன்களை ஓர் அடுக்கிலும், கோளை ஓர் அடுக்கிலும், ஒளியை மற்றோர் அடுக்கிலும் தனித்தனியே வரைந்து வைக்கலாம். எந்த அடுக்கில் குறை என்று சுட்டிவிட்டால், ஏனையவை கெடாமல் அதனை மட்டும் மாற்றிவிடலாம், இது நல்வாய்ப்பு. இதில் ஓர் இடரும் உண்டு. பிறர் படத்தின் மேல் நாமே வரைந்து காட்டுவது மிக எளிதாகிவிட்டது. அவர் கேளாமல் அதனைச் செய்யாதீர்கள். என் சிவப்பு வட்டத்தைவிட அது கொடிது.

சென்ற விடுமுறையில் கல்லூரியில் பயிலும் என் பேத்தி, சனிக்கோளின் துணைக்கோளான டைட்டனில் நின்று சனியைக் காண்பதுபோல் ஒரு படம் தீட்டிக் காட்டினாள். தெளிந்த நீல வானம். அதில் வளையங்கள் அகன்று சாய்ந்த சனி. போன்ஸ்டெலும் 1944 இல் டைட்டனுக்கு நீல வானமே தீட்டினார். “நீ காட்ட விரும்பியது உண்மை டைட்டனா, உன் கனவா, அம்மா?” என்று கேட்டேன். “உண்மைதான், தாத்தா” என்றாள். சனியின் பருமை எனக்குப் பிடித்திருந்தது. அங்கிருந்து காண அது நம் நிலவைப்போல் ஏறத்தாழப் பதினொரு மடங்கு அகலமாகத் தோன்றும். அதனைக் கணக்கிட்டே வரைந்திருந்தாள். அதை முதலில் சொன்னேன். பிறகு இரண்டு கேள்விகள் கேட்டேன். டைட்டன் சுற்றும் தளம் எது, வளையங்கள் கிடக்கும் தளம் எது என்பது ஒன்று. 2005 சனவரியில் ஹைகன்ஸ் கலம் அத்தரையில் இறங்கி எடுத்த படத்தைப் பார்த்தாயா என்பது மற்றொன்று.

இரண்டு நாள் அவள் அதைப்பற்றிப் பேசவில்லை. எனக்குப் பழைய அச்சம் எழுந்தது. மூன்றாம் நாள் மாலை கணிப்பொறியை என் முன் கொணர்ந்து வைத்தாள். இரண்டு தளங்களும் ஏறக்குறைய ஒன்றே ஆதலால், வளையம் மெல்லிய ஒரு கோடாகியிருந்தது. தரையிலிருந்து பார்த்தால் செம்மஞ்சள் மூட்டத்தில் சனியே தெரியாது என்று கண்டு, தான் நிற்கும் இடத்தையே மூட்டத்திற்கு மேலே உயர்த்திக்கொண்டுவிட்டாள். கீழே செம்மஞ்சள் கடல். அதன் விளிம்பில் நூலிழை போல ஒரு நீலம். “நீலத்தை நீ விடவில்லையே!” என்றேன். “காசினிக் கலம் எடுத்த படங்களில் மேல்மூட்டம் நீலமாகத்தான் இருக்கிறது, தாத்தா, பாருங்கள்” என்று எடுத்துக் காட்டினாள். பார்த்தேன். அவள் சொன்னது சரி.