குளத்தோரம் கல்வாழை

காளவாசல் வெயிலுக்குக் குளத்தோரம் என்ன வைக்கலாம் என்று யார் கேட்டாலும், கல்வாழை என்றுதான் சொல்வேன். எங்கள் கொல்லையில் இருப்பது சின்ன சிமெண்டுக் குளம். அதன் ஈர விளிம்பில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துத் தள்ளுகிறது.

இதன் பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா. அடிமண் சொதசொதவென்று இருந்தாலும் தாங்கும். குளியலறைத் தண்ணீர் போகும் இடத்தில் நம் வீடுகளில் இதை நடுவது அதனால்தான். அழுக்குநீரிலுள்ள தழைச்சத்தையும் மணிச்சத்தையும் உறிஞ்சி வளரும்.

ஒரு பூவைப் பிரித்துப் பாருங்கள். இதழ் என்று நாம் நினைக்கும் அகன்ற வண்ணப் பகுதிகள் உருமாறிய மகரந்தத் தாள்கள். நிஜ இதழ்கள் அவற்றுக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும். மகரந்தம் தருவது ஒரே தாள். அதிலும் ஒரு ஓரம் மட்டுமே. எவ்வளவு அழகான ஏற்பாடு! சொரசொரத்த காய்க்குள் இரும்புக் குண்டு போலக் கறுத்த விதைகள்.

விதையைவிடக் கிழங்கே சுலபம். இரண்டு மூன்று கண் இருக்கும்படி வெட்டி, ஐப்பசி மழைக்கு முன் நாலு விரல் ஆழத்தில், ஒரு முழ இடைவெளியில் நடுங்கள். நல்ல வெயில் வேண்டும். நிழலில் இலைதான் மிஞ்சும். பூத்து ஓய்ந்த தண்டு திரும்பப் பூக்காது. அடியோடு அறுத்தால் பக்கக் கன்று வேகமாகக் கிளம்பும். வாடிய இலை குளத்தில் விழுந்து அழுகாமல் அவ்வப்போது எடுத்துவிட வேண்டும். கொசுப்புழுவைத் தின்ன நாலைந்து கப்பி மீன்களை விட்டுவையுங்கள்.