பட்டறையில் வேலை செய்யும் பெயின்ட்

எந்த லேத் பட்டறைக்குள் போனாலும் சாம்பலிலோ இளம்பச்சையிலோ பெயின்ட் அடித்த இயந்திரங்களைப் பார்க்கலாம். சுவர் வெளிர் நிறத்தில் இருக்கும். அவசர நிறுத்தப் பொத்தான் மட்டும் மஞ்சள் வட்டத்தின் நடுவே சிவப்பாகத் துருத்திக்கொண்டிருக்கும். துருப்பிடிக்காமல் இருக்கவும் பார்வைக்கு லட்சணமாக இருக்கவும்தான் பெயின்ட் என்று நினைக்கிறோம். ஆனால் அங்குள்ள ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி வேலை உண்டு.

முதல் வேலை, வெளிச்சத்தைப் பெருக்குவது. ஒரு பரப்பின் மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எவ்வளவு திரும்பி வருகிறது என்பதே அதன் எதிரொளிப்பு விகிதம். புது வெள்ளைப் பெயின்டில் இது 80 அளவில் இருக்கும். கறுப்பில் 5 அளவுக்குச் சுருங்கிவிடும். எல்லாப் பக்கமும் 50 விகிதம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். விளக்கு தரும் 100 பங்கு ஒளி சுவரில் பட்டு 50 பங்காகத் திரும்புகிறது. அது எதிர்ச்சுவரில் பட்டு 25 ஆகிறது, பிறகு 12.5. இப்படித் திரும்பித் திரும்பி வருவதையெல்லாம் கூட்டினால் இன்னொரு 100 பங்கு! ஒரு டியூப்லைட் இரண்டு டியூப்லைட்டின் வேலையைச் செய்துவிடுகிறது. விகிதம் 20 ஆக இறங்கினால் கூடுதலாகக் கிடைப்பது வெறும் 25 பங்குதான். சன்னலும் இயந்திரங்களும் ஒளியை விழுங்குவதால் நிஜப் பட்டறையில் லாபம் குறையும். ஆனாலும் கணக்கின் போக்கு இதுவே.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் வெள்ளையே அடித்துவிடலாமே? இதற்கான விடை 1914-இல் சான்ஃபிரான்சிஸ்கோவின் செயின்ட் லூக்ஸ் மருத்துவமனையிலிருந்து வந்தது. சுற்றிலும் பரவிக் கிடந்த வெண்மை கண்ணைக் கூசவைக்கிறது என்று கண்ட அறுவை மருத்துவர் ஹாரி ஷெர்மன், அறுவை அறைக்குக் கீரைப் பச்சை பூசச் செய்தார். இரத்தச் சிவப்பையே வெகுநேரம் பார்த்தால், விழித்திரையில் சிவப்பை உணரும் கூம்புச் செல்கள் களைத்துவிடும். அந்தக் கண்ணோடு வெள்ளைச் சுவரைப் பார்த்தால், அங்கே இல்லாத ஒரு நீலப்பச்சைத் திட்டு மிதக்கும். இதற்குப் பின்பிம்பம் என்று பெயர். சுவரே பச்சையாக இருந்தால் அந்தத் திட்டு அதில் கரைந்துபோகும்.

மருத்துவமனையில் தெரிந்துகொண்ட இந்தப் பாடத்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க நிற ஆலோசகர் ஃபேபர் பிர்ரன். அந்தக் காலத்து இயந்திரங்கள் பெரும்பாலும் கறுப்பு அல்லது அடர்சாம்பல். பளபளக்கும் எஃகுத் துண்டை இருண்ட இயந்திரத்தின் மேல் வைத்துக் கடைபவரின் கண், பிரகாசத்துக்கும் இருட்டுக்கும் இடையே நாள் முழுக்க அலைபாயும். ஒவ்வொரு முறையும் கண்பாவை சுருங்கி விரிய வேண்டும். விழித்திரையும் புதிய வெளிச்சத்துக்குப் பழக வேண்டும். வேலைப் பொருளுக்கும் அதன் அக்கம்பக்கத்துக்கும் உள்ள பிரகாச வேறுபாடு மூன்று மடங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது ஒளியமைப்புப் பொறியாளர்களின் நெடுநாள் விதி. இயந்திரங்கள் நடுத்தரப் பச்சைக்கும் சாம்பலுக்கும் மாறியதன் சூட்சுமம் இதுதான்.

இன்னொரு நுட்பம் பின்னணி நிறத்தில் இருக்கிறது. மஞ்சள் சாயல் கொண்ட பித்தளையை நீலச்சாம்பல் பின்னணியில் வைத்தால் அதன் விளிம்பு பளிச்சென்று தனித்துத் தெரியும்; எஃகுக்கு அதே உதவியை மெல்லிய பழுப்பு மஞ்சள் செய்யும்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944-இல், டூபாண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து பிர்ரன் ஒரு பாதுகாப்பு நிறத் திட்டம் வகுத்தார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் தேசியத் தரநிலை ஒன்று வந்துவிட்டது. இடறி விழக்கூடிய இடத்துக்கு மஞ்சள், தீயணைப்புக்குச் சிவப்பு, முதலுதவிக்குப் பச்சை என்று போகும் அந்தப் பட்டியலில் ஆரஞ்சு நிறம் இருக்கும் இடம்தான் அபாரம். பல்சக்கரங்களை மறைக்கும் மூடியின் உட்புறத்துக்கு ஆரஞ்சு! மூடி ஒழுங்காக மூடியிருக்கும்வரை அந்த நிறம் யார் கண்ணிலும் படாது. யாராவது திறந்துவிட்டு மறந்தால், அந்த நிறமே தூரத்தில் இருப்பவரையும் எச்சரித்துவிடும். மின்சாரமோ சென்சாரோ இல்லாத ஓர் அபாய அறிவிப்பு இது.

வெல்டிங் மூலையில் இதைவிட வியப்பான ஒன்று நடக்கிறது. அங்கே கிளம்பும் புற ஊதாக் கதிர் நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சுவரில் பட்டுத் திரும்பி, பக்கத்தில் வேலை செய்பவரின் கண்ணையும் புண்ணாக்கும். டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த வெள்ளைப் பெயின்ட், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தாராளமாகத் திருப்பி அனுப்பும். புற ஊதாக் கதிரை மட்டும் பெருமளவு உறிஞ்சிக்கொள்ளும். நமக்கு வெள்ளையாகத் தெரியும் சுவர், அந்தக் கதிருக்கு ஏறக்குறையக் கறுப்பு! உலோகத் துகள் கலந்த அலுமினியப் பெயின்ட் இதற்கு நேர் எதிர். புற ஊதாவை நன்றாகத் திருப்பி அனுப்பும். வெல்டிங் நடக்கும் இடத்துக்கு அது ஆகாது.

சரி, நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் குழம்பும். அவசரப் பொத்தானின் சிவப்பைச் சுற்றியுள்ள மஞ்சள் வட்டம் அவர்களுக்கும் உதவும். சிவப்பு மங்கலாகத் தெரிந்தாலும் மஞ்சளின் பிரகாசம் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். புடைத்த குமிழ் வடிவம் இருப்பதால், பார்க்காமலே கையால் தட்டி நிறுத்தவும் முடியும்.

அடுத்த முறை உங்கள் பட்டறைக்குப் பெயின்ட் அடிக்கும்போது இந்த அளவுகளை மனத்தில் கொள்ளுங்கள். எதிரொளிப்பு விகிதம் மேற்கூரைக்கு 80-க்கு மேல், சுவருக்கு 40 முதல் 60, இயந்திரத்துக்கு 25 முதல் 45. தரைக்கு 20-க்குக் குறைய வேண்டாம். மூடிகளின் உட்புறத்துக்கு ஆரஞ்சு அடிக்க மறக்காதீர்கள். எந்த நிறமானாலும் அடிக்கும் கூலி ஒன்றுதான். சரியான நிறம் அங்கே உழைப்பவரின் கண்ணையும் கையையும் காக்கும்.