வேலையின்மைக் கணக்கும் அதன் பொருளும்

வேலையற்றோர் நூற்றுக்கு இத்தனை பேர் என்று செய்தித்தாள்களில் வெளிவரும் கணக்கை நம்மிற் பலரும் அவ்வப்போது படித்திருப்போம். அக்கணக்கில் மாநிலங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நோக்குங்கால் ஒரு புதுமை தோன்றும். 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரையுள்ள ஓராண்டிற்கு மத்திய அரசாங்கத்தார் எடுத்த தொழிலாளர் கணக்கின்படி இந்தியா முழுமைக்கும் வேலையின்மை நூற்றுக்கு 3.2. தமிழ்நாட்டில் அது 3.5. கல்வியிலும் சுகாதாரத்திலும் முன்னணியில் நிற்கும் கேரளத்திலோ 7.2. வறுமைக்குப் பேர்போன பீகாரில் 3.0, மத்தியப் பிரதேசத்தில் 1.0 மாத்திரமே.

இவ்வெண்களை மட்டும் கண்டு ஒருவர் முடிவு செய்வாராயின், கேரளத்து இளைஞர் பிழைப்பை நாடிப் பீகாருக்குச் செல்ல வேண்டுமென்றே கருதுவர். நிகழ்வதோ அதற்கு நேர்மாறானது. பீகார், வங்காளம், ஒடிசா முதலிய நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கேரளத்திற்கு வந்து கட்டடம் எழுப்புகின்றனர். பெரும்பாவூரின் ஒட்டுப்பலகை ஆலைகளில் உழைக்கின்றனர். ஆயின் கணக்குப் பொய்யோ எனின், பொய்யன்று. அஃது எதனை அளக்கின்றது என்பதை அறியாமற் படிப்பதனாலேயே மயக்கம் உண்டாகின்றது. ஆதலின் அதனை ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

கணக்கெடுப்போர் பதினைந்து வயதிற்கு மேற்பட்டோரை மூன்று வகுப்பாகப் பிரிக்கின்றனர். வேலை செய்வோர் ஒரு வகுப்பு. வேலை இன்றி, அதனைத் தேடுவோரும் கிடைத்தாற் செய்ய ஆயத்தமாயிருப்போரும் மற்றொரு வகுப்பு. இவ்விரண்டிலும் சேராத மாணவர், முதியோர், வீட்டுக் கடமைகளில் மட்டும் ஈடுபட்டோர் முதலியோர் மூன்றாம் வகுப்பு. முதலிரண்டு வகுப்பாரையும் கூட்டி, அத்தொகையில் இரண்டாம் வகுப்பார் நூற்றுக்கு எத்தனை என்று காண்பதே வேலையின்மை வீதம். எனவே, கல்லூரியிற் பயிலுங்காலம் வரை நம் மாணவருட் பெரும்பாலோர் இக்கணக்கின் எப்புறத்திலும் இல்லை. பட்டம் பெற்று வெளியேறிய மறுநாள் அவர்கள் அதனுள் நுழைகின்றனர்.

வேலை செய்வோர் யாவர் என்பதிலேயே சிக்கல் மிகுதி. இதற்கு இரண்டு அளவுகோல்கள் வழக்கில் உள. ஒன்று ஆண்டளவு: கழிந்த 365 நாட்களில் ஒருவர் பெரும்பகுதி என்ன செய்தார் என்று நோக்கி, துணைத் தொழிலாக முப்பது நாள் உழைத்தவரையும் வேலையுடையாராகக் கொள்வது. மற்றொன்று வார அளவு: கழிந்த ஏழு நாட்களுள் ஏதேனும் ஒரு நாளில் ஒரு மணி நேரமாயினும் வேலை செய்தவர் அவ்வாரத்தில் வேலையுடையார். வாரத்தில் ஒரு மணி நேரம் ஊதியத்திற்காகச் சிறுவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் மாணவரும், ஆறு நாள் ஆலையில் நிற்கும் தொழிலாளியும் இவ்வளவுகோலின்முன் ஒரே வகுப்பினராவர். மேலே காட்டிய 3.2 ஆண்டளவின்படி வந்தது. அதே காலத்திற்கு வார அளவின்படி கண்டது 4.9. 2025-ஆம் ஆண்டு முதல் மாதந்தோறும் கணக்கு வெளியிடும் முறை தொடங்கிற்று. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திற்குரிய 5.1 என்பது வார அளவைச் சேர்ந்தது. அதனைப் பழைய 3.2 என்பதனோடு நிறுத்தி வேலையின்மை பெருகிவிட்டதென்று முழங்குவோர், படியையும் மரக்காலையும் ஒன்றென எண்ணி அளப்போரை ஒப்பர்.

இக்குறைபாடு அறிஞர் அறியாததன்று. 1968-இல் பேராசிரியர் தாந்த்வாலாவின் தலைமையில் அரசாங்கம் நியமித்த வல்லுநர் குழுவினர் 1970-இல் தம் அறிக்கையை அளித்தனர். சொந்த நிலத்திலும் சிறு கடையிலும் குடும்பமாக உழைப்போர் மலிந்த இந்நாட்டில், வேலையின்மை முழுவதையும் ஒரே எண்ணில் அடக்கிக் கூறுதல் தகாதென்பதும், இடம், பால், வயது, கல்வி ஆகியவற்றின்படி பிரித்துக் காட்ட வேண்டுமென்பதும் அவர்தம் கருத்து. செய்தித்தாள்களின் தலைப்புகளில் மட்டும் அவ்வொற்றை எண்ணே இன்னும் ஆட்சி புரிகின்றது.

இனிக் கேரளத்திற்கு வருவோம். வேலையின்றி இருப்பதற்கும் ஒரு வசதி வேண்டும். தந்தையோ தமையனோ வளைகுடா நாட்டிலிருந்து பணம் அனுப்பும் இல்லத்திற் பிறந்து பட்டம் பெற்ற பெண், தன் கல்விக்கேற்ற உத்தியோகம் வருமளவும் காத்திருக்கலாம். காத்திருக்குமளவும் அவள் வேலையற்றோர் கணக்கில் ஏறுகின்றாள். நாட்கூலி பெறாவிடின் அன்றிரவு உலையேற்ற இயலாத குடும்பத்தார் அங்ஙனம் காத்திருத்தல் இயலாது. கிடைத்ததைச் செய்வர், கணக்கில் வேலையுடையாராவர். 2023-24-இல் கேரளத்தில் பதினைந்து முதல் இருபத்தொன்பது வயதினரிடையே வேலையின்மை 29.9 ஆயிற்று, இந்தியா முழுமைக்கும் அவ்வயதினர்க்கு 10.2. இதனால் கேரளத்திற்குக் குறையில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. கற்ற கல்விக்கும் கிடைக்கும் தொழிலுக்கும் இடையேயுள்ள பிளவு அங்கு வெளிப்படையாகத் தெரிகின்றது. வேறு பல மாநிலங்களில் அப்பிளவு கூலி வேலையினுள் மறைந்து கிடக்கின்றது. மறைந்த நோயைக் காட்டிலும் வெளிப்பட்ட நோய் மருத்துவனுக்கு எளிதென்பது நம் எண்ணம்.

குறைநேர வேலையைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். வாரத்திற்கு முப்பத்தைந்து மணிக்குக் குறைந்தால் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கணக்கில் அது குறைநேர வேலை. செல்வ நாடுகள் பல கூடிய பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பின் ஒப்பீடுகளில் எல்லை முப்பது மணி. முப்பத்திரண்டு மணி உழைக்கும் ஒருத்தி ஓர் அட்டவணையில் குறைநேரத்தவள், மற்றொன்றில் முழுநேரத்தவள். குறைநேர வேலைக்குப் பேர்பெற்றது ஒல்லாந்து எனப்படும் நெதர்லாந்து. வேலையின்மை அங்கு மிகுந்திருந்த 1982-இல் தொழிற்சங்கத்தாரும் முதலாளிமாரும் வாஸனார் என்னும் ஊரிற் கூடி, கூலி உயர்வை அடக்கிக்கொள்வதென்றும் வேலை நேரத்தைக் குறைத்துப் பகிர்வதென்றும் உடன்பட்டனர். நேரம் குறைந்தவர் என்பது பற்றி எவரையும் தாழ்வாக நடத்தலாகாதென்று 1996-இல் சட்டம் பிறந்தது. இன்று அந்நாட்டுப் பெண் தொழிலாளருட் பாதிக்கு மேற்பட்டோர் குறைநேரத்தவரே. அவருட் பெரும்பாலோர் தாமே அதனை விரும்பி மேற்கொண்டவர்.

நம் திருநெல்வேலிச் சீமையில் வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்ணின் நிலையோ வேறு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே கூலி. இலையும் தூளும் குறைவாக அளக்கப்பட்ட வாரத்தில் அவள் வேலையும் குறைகின்றது. அக்குறைவு அவள் வேண்டியதன்று. எனினும் ஒரு மணி நேரம் முறத்தை மடியில் வைத்தாளாயின் அவள் வேலையுடையவளே. ஒல்லாந்துப் பெண்ணின் பாதி நேரமும் இவளது பாதி நேரமும் மணிக்கணக்கில் ஒன்றாகலாம்.

கூலியே காணாத உழைப்பும் இக்கணக்கில் உண்டு. குடும்ப நிலத்திலோ கடையிலோ உதவி செய்பவர் காசு பெறாவிடினும் வேலையுடையாரே. 2017-18-இல் பதினைந்து வயதிற்கு மேற்பட்ட பெண்களுள் நூற்றுக்கு 23.3 பேரே தொழிற்படையைச் சேர்ந்திருந்தனர். 2023-24-இல் அது 41.7 ஆக உயர்ந்தது. உயர்வு பெரிது. ஆயினும் 2023-24-இல் வேலையுடைய பெண்களுள் நூற்றுக்கு முப்பத்தைவருக்கு மேற்பட்டோர் அங்ஙனம் ஊதியமின்றிக் குடும்பத் தொழிலுக்கு உதவுவோர். தந்தையின் வயலில் களையெடுக்கும் பெண்ணுக்கு வேலை உண்டு என்று கணக்கர் எழுதுவது பிழையன்று. அவள் உழைப்பு உழைப்பே. அவள் கையில் ஒரு காசும் இல்லை என்பது வேறொரு பக்கத்தில், வேறொரு அட்டவணையில் இருக்கின்றது. யார் எத்தனை மணி நேரம் உழைத்தனர், இன்னும் எத்தனை மணி உழைக்க ஆயத்தமாயிருந்தனர் என்பனவும் அவ்வறிக்கைக்கென வீடுதோறும் கேட்டு எழுதப்படுகின்றன.