12 சீசன், 151 ஆட்டம், ஒரு தோல்விகூட இல்லை... ஒரு பள்ளிக்கூட அணியின் கதை தெரியுமா?

1992 முதல் 2003 வரை தொடர்ந்து 12 சீசன்கள். ஆடிய ஆட்டம் 151, ஜெயித்த ஆட்டமும் 151! இதைச் செய்தது கோடிகள் புரளும் கிளப் அல்ல, மீசை அரும்பும் வயசுப் பையன்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் கான்கார்ட் என்ற ஊரில் இருக்கிறது அந்த டி லா சால் உயர்நிலைப் பள்ளி. கத்தோலிக்கப் பள்ளி, ஆண் பிள்ளைகளுக்கு மட்டும், கல்லூரிப் படிப்புக்குத் தயார் செய்யும் பள்ளி. ஆட்டம், அமெரிக்கன் ஃபுட்பால். முட்டை வடிவப் பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு மோதித் தள்ளி முன்னேறுகிற முரட்டு ஆட்டம்.

முந்தைய சாதனை எவ்வளவு தெரியுமா? வெறும் 72! மிச்சிகன் மாநிலத்து ஹட்சன் பள்ளியிடம் இருந்தது. அதை 1997-லேயே தாண்டி, இரண்டு மடங்குக்கு மேலே போய்த்தான் நின்றார்கள். பெரிய கல்லூரி அணிகளில் ஒக்லஹோமா பல்கலைக்கழகம் 1950-களில் தொடர்ந்து ஜெயித்த 47 ஆட்டம்தான் உச்சம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பள்ளி அணியில் நான்கு வருடத்துக்கு மேல் யாரும் ஆட முடியாது. 1992-இல் ஆடிய ஒரு பையன்கூட 1996-இல் களத்தில் இல்லை. அணி முழுசாக மாறிக்கொண்டே இருக்க, வெற்றி மட்டும் மாறவில்லை!

டி லா சால் என்ற பெயர் நம்மவர்களுக்கும் பழகியதுதான். கொழும்பு கொட்டாஞ்சேனையின் புனித பெனடிக்ட் கல்லூரி, பினாங்கின் செயின்ட் சேவியர்ஸ், சிங்கப்பூரின் செயின்ட் ஜோசப்ஸ் எல்லாம் இதே சபையின் அருள்சகோதரர்கள் வளர்த்த பள்ளிகள். சபையைத் தொடங்கியவர் பிரான்சின் ரேம்ஸ் நகரத்தில் 1651-இல் பிறந்த குருவானவர், ஜான் பாப்டிஸ்ட் டி லா சால். பணக்கார வீட்டுப் பிள்ளை. பஞ்ச காலத்தில் சொத்தையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்தார்; ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். லத்தீனை ஒதுக்கிவிட்டுத் தாய்மொழியில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். 1950-இல் திருச்சபை அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராகவே அறிவித்தது. கான்கார்டில் அந்தச் சகோதரர்கள் பள்ளி திறந்தது 1965-இல்.

ஆரம்பத்தில் ஃபுட்பாலில் அந்தப் பள்ளியை யாரும் சீண்டவில்லை. வெற்றியைவிடத் தோல்வி குறைவாக இருந்த சீசன் என்று ஒன்றுகூடக் கிடையாது! 1979-இல் பாப் லாடுசூர் பயிற்சியாளராக வந்தார். அப்போது அவருக்கு வயது இருபதுகளில்தான். பள்ளியில் அவர் எடுத்த பாடம் என்ன தெரியுமா? சமயக் கல்வி! அவருக்கு வலதுகையாக இருந்த டெரி ஐட்சனும் அதே பாடத்து ஆசிரியர்தான்.

எனக்கு 151-ஐவிடப் பெரிய ஆச்சரியம் ஒரு சின்ன அட்டை. ஆட்டத்துக்கு முந்தின நாள் அணி மொத்தமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். பிறகு ஒரு கூட்டம். ஒவ்வொரு பையனும் உள்ளங்கை அகல அட்டையில், இந்த வாரம் நான் இதைச் செய்வேன் என்று தன் கைப்பட எழுதியிருப்பான். பயிற்சியில் இவ்வளவு, ஆட்டத்தில் இவ்வளவு. எழுந்து நின்று எல்லார் முன்னாலும் வாசித்துவிட்டு, அட்டையை ஒரு சக வீரன் கையில் கொடுப்பான். செய்தானா இல்லையா என்று கேட்கிற உரிமை கோச்சுக்கு அல்ல, அந்த நண்பனுக்கு! அடுத்த நாள் இரண்டிரண்டு பேராகக் கைகோர்த்தபடி மைதானத்துக்குள் நடந்து வருவார்கள். கைகோர்த்து வருகிறார்களே என்று சிரித்த எதிரணிகள் பிறகு சிரிக்கவில்லை.

2001-இல் அமெரிக்கத் தரவரிசையில் முதல் இடத்து அணியும் இரண்டாம் இடத்து அணியும் நேருக்கு நேர் மோதிய ஆட்டம் நடந்தது. எதிரே லாங் பீச் பாலி. கடைசியில் 29-15, டி லா சாலுக்கே வெற்றி!

தொடர் அறுந்தது 2004 செப்டம்பர் 4. அதற்குச் சில வாரம் முன்னால்தான், அந்த வருடம் பள்ளி முடித்த ஒரு நட்சத்திர வீரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்துபோனான். ஒரேகான் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்ப இரண்டே நாள் இருந்தது. அந்தத் துக்கத்தோடு சியாட்டில் போன அணியை பெல்வியூ பள்ளி 39-20 என்று வீழ்த்தியது. 2014-இல் வந்த ஹாலிவுட் படம் இந்தக் கதைதான்.

ஃபுட்பால் மட்டும்தானா? 1996-இல் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகின் ஸ்லாம் டங்க் போட்டியில் ஜெயித்த பிரென்ட் பேரி இந்தப் பள்ளிப் பையன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் டைவிங்கில் வெண்கலம் வாங்கிய கிறிஸ்டியன் இப்சனும் இங்கே படித்தவர்தான். ஃபுட்பாலிலும், 2011-இல் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். மொத்தத்திலும் அதிக தூரம் பந்தோடு ஓடிய மாரிஸ் ஜோன்ஸ்-ட்ரூவும் இங்கிருந்து போனவரே. ஐந்தடி ஏழங்குல உயரத்தை வைத்துக்கொண்டு!

லாடுசூர் 2013 ஜனவரியில் தலைமைப் பயிற்சியாளர் பதவியை விட்டு விலகினார். தன்னிடம் ஆடி வளர்ந்த மாணவர் ஜஸ்டின் அலும்பாவிடம் அணி போனது. 34 சீசன்களில் லாடுசூர் தோற்றது 25, டிரா 3, வெற்றி 399. நானூறுக்கு ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அதற்காக அவர் இன்னொரு சீசன் இருக்கவில்லை.