ஏற்றத்தில் தெரியும் ஒரு மில்லிமீற்றர்

பலாங்கொடையிலிருந்து வரும் ஏ4 வீதி, பெலிஹுல்ஓயாவைத் தாண்டியதும் மலையை ஒட்டி வளைந்து வளைந்து ஹல்துமுல்லைக்கு ஏறுகிறது. அதற்கு மேல் பேரகலை; அங்கே திரும்பி இன்னும் ஏறினால் 1400 மீற்றருக்கும் மேலான உயரத்தில் அப்புத்தளை. இப்படிப்பட்ட வீதிகளில் இன்றும் உழைக்கும் பழைய பைக்குகளில் ஹொண்டா எம்.டி. 90 க்குத் தனி மரியாதை உண்டு. ஜப்பானியத் தபால்காரர்களுக்காக 1971 இல் வந்த வண்டி அது. அங்கே கடிதம் சுமந்து ஓய்ந்தபின் இங்கே வந்து மரக்கறி மூட்டை சுமக்கிறது.

வயதான இந்த வண்டிகளைப் பற்றி வரும் முறைப்பாடு ஒன்றுதான்: மட்டமான வீதியில் நன்றாக ஓடுகிறது, ஏற்றத்தில் இழுக்கவில்லை. உடனே கை காபுரேட்டருக்குப் போகும். அதிலும் நியாயம் இருக்கிறது. 1000 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. எந்த என்ஜினுக்கும் அங்கே மூச்சு கொஞ்சம் குறையும். ஆனால் புது வண்டி ஏறும் ஏற்றத்தில் பழைய வண்டி திணறினால், காற்றை மட்டும் குறை சொல்ல முடியாது. டைமிங் செயினையும் பார்க்க வேண்டும்.

வால்வுகளைத் திறக்கும் கேமைக் கிராங்கோடு இணைப்பது இந்தச் செயின்தான்: கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் ஒரு சுற்றுச் சுற்றும். நிமிடத்துக்கு 3000 சுற்றில், உள்ளிழுக்கும் வால்வு நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. பிஸ்டன் அடிக்கு வந்ததும் அந்த வால்வு மூடிவிடும் என்றுதான் நாம் நினைப்போம். அப்படியில்லை. பிஸ்டன் மேலே திரும்பத் தொடங்கிய பிறகும் அது சிறிது நேரம் திறந்தே இருக்கிறது. கொழுந்து ஏற்றிய லொறி பிரேக்கை மிதித்த இடத்திலேயே நின்றுவிடுவதில்லை அல்லவா. வேகமாக உள்ளே பாயும் பெற்றோல் கலவையும் அப்படித்தான், பிஸ்டன் திரும்பிய பிறகும் வந்துகொண்டே இருக்கும். அந்தக் கடைசி வாய்க்காகவே வால்வு காத்திருக்கிறது. எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதை வடிவமைத்தவர்கள் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த என்ஜினில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

செயின் தேய்ந்தால் இந்தக் கணக்கு பிசகுகிறது. செயினின் இழுக்கும் பக்கம் நீளும்போது கேம் பின்தங்குகிறது. கண்ணிக்குக் கண்ணி 6.35 மில்லிமீற்றர் உள்ள செயின், 28 பல் உள்ள கேம் சக்கரம் என்று வைத்துக்கொள்வோம். இழுக்கும் பக்கம் ஒரு மில்லிமீற்றர் நீண்டால் கேம் 2 பாகை பின்தங்கும்; கிராங்க் கணக்கில் அது 4 பாகை. வால்வு அவ்வளவு பிந்தி மூடும். வேகமாக ஓடும்போது கலவையின் பாய்ச்சல் இதை ஈடுகட்டிவிடும். மூட்டையோடு மெதுவாக ஏறும்போது பாய்ச்சலில் அந்த வலு இல்லை. உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதியைப் பிஸ்டன் காபுரேட்டர் பக்கமே திருப்பித் தள்ளிவிடும். இழுவை தேவைப்படும் இடத்திலேயே இழுவை குறைகிறது.

டென்ஷனர் இதைத் திருத்தாது. அது தளர்ந்த பக்கத்தை அழுத்திச் செயினின் சலசலப்பை அடக்கும், அவ்வளவுதான். சத்தம் இல்லாததால் செயின் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம்.

உண்மையைக் கண்ணால் பார்க்கலாம். என்ஜின் ஆறியபின் இடப்பக்க மூடிகளைக் கழற்றி, பறக்கும் சக்கரத்தை அது ஓடும் திசையிலேயே கையால் திருப்பி, அதிலுள்ள 'டி' குறியை உடலிலுள்ள கோட்டுக்கு நேராக நிறுத்த வேண்டும். தாண்டிவிட்டால் பின்னுக்குத் திருப்பக் கூடாது. திருப்பினால் தளர்வு மறுபக்கம் போய்க் குறி பொய் சொல்லும். மறுபடி முழுதாகச் சுற்றி வர வேண்டும். இப்போது கேம் சக்கரத்திலுள்ள சிறு வட்டக் குறி (எதிர்ப்பக்கம் இருந்தால் கிராங்கை இன்னொரு முழுச் சுற்றுச் சுற்றியபின்) ஹெட்டிலுள்ள வெட்டுக்கு நேரே நிற்க வேண்டும். தேய்ந்த செயினில் அது கொஞ்சம் பின்தங்கி நிற்கும்.

இதைப் பார்த்துவிட்டுச் சிலர் கேம் சக்கரத்தை ஒரு பல் முன்னே தள்ளிப் பூட்டுகிறார்கள். அது தவறு. 28 பல்லில் ஒரு பல் என்றால் கேமில் கிட்டத்தட்ட 13 பாகை, கிராங்கில் 26. 4 பாகை பிசகைத் திருத்தப் போய் மறுபக்கம் 22 பாகை பிசகி நிற்கும். இதற்கு மருந்து புதுச் செயின்தான். பற்கள் கூர்ந்திருந்தால் சக்கரங்களும் சேர்த்து. பூட்டியபின் கிக் அடிப்பதற்கு முன் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது இடித்தால் வால்வு பிஸ்டனில் முட்டுகிறது என்று பொருள். அதன் பிறகுதான் வால்வு இடைவெளி, அதற்கும் பிறகு காபுரேட்டர்.

மலைநாட்டில் இந்தச் செயின் சீக்கிரம் தேய்வதற்கும் காரணம் உண்டு. ஒரே கிலோமீற்றரை இரண்டாம் கியரில் ஏறும்போது, மட்டத்தில் கடைசிக் கியரில் போவதைவிட என்ஜின் அதிகமாகச் சுற்றுகிறது. செயினும் கியரும் கிளச்சும் குளிப்பது ஒரு லீற்றருக்கும் குறைந்த அதே எண்ணெயில். கிலோமீற்றர் முள்ளை மட்டும் பார்த்து எண்ணெய் மாற்றுகிறவரின் வண்டியில் செயின் அந்த முள்ளை எப்போதோ முந்தியிருக்கும்.